முதலில் வந்த வண்டியில் தம்பியை ஏற்றினோம்

விபத்து நடந்த இடத்தில் 108-ஐக் கூப்பிட்ட பிறகு வேறு ஏதாவது ஒரு வண்டி வந்து நின்றால், அந்த 108 அழைப்பை யாரும் ரத்து செய்ய விடாதீர்கள். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. முழுவதும் படிக்க நேரம் இல்லாதவர்கள் இந்த ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

கடந்த வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் உறவினர் வீட்டுக் காதணி விழா முடிந்து, திருச்சி–மதுரை நான்குவழிச் சாலையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். நானும் கணவரும் ஒரு வண்டியில். தம்பி எங்களுக்கு முன்னால் தனியாக. மேலூர் வருவதற்கு முன்பே, சாலை நடுவே திரும்புவதற்கு இடைவெளி விட்டிருக்கும் ஓர் இடத்தில், ஒரு சரக்கு வேன் சட்டென்று குறுக்கே வந்தது. தம்பி தலைக்கவசம் போட்டிருந்தான். தாடைப் பட்டையை மாட்டியிருக்கவில்லை. விழுந்த வேகத்தில் கவசம் கழன்று தனியே உருண்டு போனது. அப்போது மணி 6.40.

அவன் மயக்கமடையவில்லை. "வண்டிச் சாவி எங்கே அக்கா?" என்று கேட்டான். என் கையில் இருக்கிறது என்று காட்டினேன். ஒரு நிமிடம் கழித்து அதையே கேட்டான். மறுபடியும் காட்டினேன். மூன்றாவது முறையும் கேட்டான். பேசுகிறானே, பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நான் நினைத்தேன். தலையில் அடிபட்டவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது ஆபத்தின் அறிகுறி என்று அன்றிரவு மருத்துவர் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது.

கணவர் 108-ஐ அழைத்தார். எடுத்த பெண் பதற்றமே இல்லாமல் கேட்டார்: எந்தச் சாலை, எந்தப் பக்கம், அருகில் கிலோமீட்டர் கல் இருக்கிறதா. கணவர் ஓடிப்போய்க் கல்லைப் பார்த்துச் சொன்னார். வண்டி புறப்படுகிறது, கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும், அதுவரை கழுத்தை அசைக்காதீர்கள், உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள் என்றார். வழியில் போன கல்லூரி மாணவன் ஒருவன் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, தம்பியின் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் தலை திரும்பாமல் பிடித்துக்கொண்டான். அவன் பெயரைக்கூடக் கேட்டு வைக்காமல் போய்விட்டேன்.

எட்டே நிமிடத்தில் ஒரு வெள்ளை ஓம்னி வேன் வந்தது. மேலே நீல விளக்கு, பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் 'ஆம்புலன்ஸ்'. நாங்கள் அதைக் கூப்பிடவில்லை. யார் சொல்லி வந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஓட்டுநர் இறங்கியதும் தம்பியைப் பார்க்கவில்லை. எங்கள் முகத்தைத்தான் பார்த்தார். "108 வர முக்கால் மணி நேரம் ஆகும் அக்கா. அதுவரை இவர் தாங்க மாட்டார். ஏற்றுங்கள்" என்றார். அந்த நேரத்தில் அதற்கு மறுப்புச் சொல்லும் தெம்பு யாருக்கு வரும்? மாணவன் மட்டும், "அசைக்கக் கூடாது என்று சொன்னார்களே" என்றான். அவனை விலகச் சொல்லிவிட்டு, ஓட்டுநர் தம்பியின் தோள்களைப் பிடிக்க, கூட வந்தவர் கால்களைப் பிடிக்க, மூட்டையைப் போலத் தூக்கி உள்ளே போட்டார்கள். கழுத்துப் பட்டை இல்லை. பலகை இல்லை.

வண்டி புறப்பட்ட சில நிமிடங்களில் கணவரின் கைபேசி அடித்தது. வந்துகொண்டிருந்த 108 வண்டியிலிருந்து வழி கேட்டு அழைத்திருந்தார்கள். ஓட்டுநர் பின்னால் கையை நீட்டி, "கொடுங்கள், நான் பேசுகிறேன்" என்று வாங்கி, "ஆளை ஏற்றியாகிவிட்டது, நீங்கள் வர வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். பத்து நிமிடத்தில் வந்திருக்க வேண்டிய, பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் உள்ள வண்டி, எங்கள் கைபேசியிலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டது.

உள்ளே என்ன இருந்தது என்று சொல்கிறேன். துருப்பிடித்த ஒரு ஸ்ட்ரெச்சர். அதன் ஒரு சக்கரம் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. மூலையில் ஓர் ஆக்சிஜன் சிலிண்டர். கூட வந்தவர் முகமூடியை எடுத்துத் தம்பியின் முகத்தில் மாட்டினார். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு சிலிண்டரின் தலையிலிருந்த வட்டமான அளவுமானியைப் பார்த்தேன். முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. முகமூடியின் ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். காற்று எதுவும் வரவில்லை. கேட்டதற்கு, "ஓடிக்கொண்டுதான் இருக்கிறது அக்கா, உங்களுக்குத் தெரியாது" என்றார். காற்றே வராத முகமூடியை மாட்டிக்கொண்டு என் தம்பி வந்தான். நானே அதைக் கழற்றி எடுத்தேன்.

இந்தியாவில் ஆம்புலன்ஸ் வண்டிகளுக்கென்றே ஏ.ஐ.எஸ்.-125 என்ற தரநிலை இருக்கிறது. ஏ, பி, சி, டி என்று நான்கு வகை. 'பி' என்பது நோயாளியை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக மட்டும். அடிப்படை உயிர்காப்பு வசதி உள்ளது 'சி'. உயர்நிலை உயிர்காப்பு வசதி உள்ளது 'டி'. சாலையில் நிற்கிற நமக்கு இதெல்லாம் தெரியாது. சைரனும் நீல விளக்கும் போதும், நாம் நம்பிவிடுகிறோம்.

மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னோம். அரசு ராஜாஜி மருத்துவமனையைத்தான் எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம். "அங்கே ஞாயிற்றுக்கிழமை யாரும் இருக்க மாட்டார்கள். தரையில்தான் போடுவார்கள். நான் சொல்லும் இடத்தில் மூளை மருத்துவர் தயாராக நிற்கிறார், போன் பண்ணிவிட்டேன்" என்றார் ஓட்டுநர். மேலூர் தாண்டி, நகரத்துக்குள் நுழைவதற்கு முன்பே வண்டி சர்வீஸ் ரோட்டில் இறங்கி ஒரு தனியார் மருத்துவமனை வாசலில் நின்றது. மணி 7.35. நேராகப் போயிருந்தால் எட்டு மணிக்கெல்லாம் பெரியாஸ்பத்திரியில் இருந்திருப்போம்.

மூளை மருத்துவர் யாரும் அங்கே நிற்கவில்லை. பணியில் இருந்த இளம் மருத்துவர் ஒருவர் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார். சி.டி. ஸ்கேன் அங்கே இல்லை. பக்கத்துத் தெருவில் உள்ள ஸ்கேன் மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்கு முன் நாற்பதாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கட்ட வேண்டும் என்றார்கள். கணவர் யார் யாரிடமோ கேட்டுப் பணம் திரட்டிக்கொண்டிருந்தார். நான் பணம் கட்டும் இடத்தில் நின்றேன். அங்கே மேசை மேல் ஒரு நீள நோட்டு திறந்து கிடந்தது. தேதி, வண்டி எண், 'ஆர்.டி.ஏ. – தலை', அதற்கு நேரே ஒரு தொகை. சாலை விபத்தைத்தான் மருத்துவமனைகளில் ஆர்.டி.ஏ. என்று எழுதுகிறார்கள். கடைசி வரியில் நாங்கள் வந்த வண்டியின் எண். அதற்கு மேலே அதே தேதியில் இன்னும் இரண்டு வண்டிகள். ஓட்டுநர் உள்ளே வந்தார், நோட்டில் கையெழுத்துப் போட்டார், ஓர் உறையை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு என்னிடம் வந்து வண்டி வாடகை 5,500 ரூபாய் என்றார்.

ஸ்கேன் எடுக்கப் போவதற்குள் தம்பி பேச்சை நிறுத்திவிட்டான். சாவியைக்கூடக் கேட்கவில்லை. கூப்பிட்டால் முனகினான். ஸ்கேன் படம் வந்ததும் இளம் மருத்துவர் யாரிடமோ தொலைபேசியில் பேசிவிட்டு, அறுவை செய்ய வேண்டும், மருத்துவர் வெளியூரில் இருக்கிறார், வர இரண்டு மணி நேரமாகும், காத்திருக்கிறீர்களா என்று கேட்டார். பக்கத்தில் நின்ற செவிலியர் ஒருவர் என் முழங்கையைத் தொட்டு, வாசல் பக்கம் அழைத்துப் போய், "காத்திருக்காதீர்கள் அக்கா. 108-ஐக் கூப்பிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

இம்முறை 108 வந்தது. உதவியாளர் முதலில் கழுத்துப் பட்டையை மாட்டினார், பலகையில் கிடத்தி வார்களால் கட்டினார், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். ஒரு கண்ணின் பாப்பா பெரிதாகிவிட்டது என்று முன்கூட்டியே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். நாங்கள் போய் இறங்கியபோது வாசலில் ஆள் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைதான். கூட்டம்தான். ஆனால், சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து, உயிருக்கு ஆபத்தான நிலையில் வந்தவரை நேரே சிவப்புப் பகுதிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "அடிபட்டு எவ்வளவு நேரம் ஆகிறது?" என்பது. மணி அப்போது 9.35. "மூன்று மணி நேரம் ஆகப்போகிறது" என்று சொல்லும்போது எனக்கு நாக்கு எழவில்லை. ஒரு ரூபாய்கூடக் கேட்காமல் பதினோரு மணிக்குள் அறுவை தொடங்கிவிட்டார்கள்.

மண்டை ஓட்டுக்கும் மூளையின் உறைக்கும் நடுவே ரத்தம் தேங்கியிருந்தது. இந்த வகைக் காயத்தில் அடிபட்டவர் முதலில் தெளிவாகப் பேசுவதும், பிறகு ரத்தம் சேரச் சேர நினைவு மங்குவதும் உண்டு என்றும், மூளை நசுங்குவதற்குள் திறந்து வெளியேற்றினால் பலர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள் என்றும் மருத்துவர் விளக்கினார். தம்பி பிழைத்தான். வலது கை இன்னும் சட்டைப் பொத்தானைப் போடும் அளவுக்கு வரவில்லை. சொற்களைத் தேடித் தேடிப் பேசுகிறான். ஒன்றரை மணி நேரம் முன்னதாக வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் அவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் தேடித் தேடிப் படித்தேன். நேரம் என்பது வெறும் அவசர உணர்ச்சி அல்ல, சிகிச்சையே அதில்தான் இருக்கிறது. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மலிவான ஊசி மருந்து இருக்கிறது. 20,000-க்கும் மேற்பட்ட காயமடைந்தவர்களை வைத்து நடத்தி 2010-இல் வெளியான கிராஷ்-2 ஆய்வின் தரவை 2011-இல் மேலும் அலசியபோது, அதை முதல் மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் உயிர் காக்கிறது, அதற்குப் பின் போட்டால் தீங்குகூட நேரலாம் என்று கண்டார்கள். காயம்பட்ட முதல் ஒரு மணி நேரத்தைப் 'பொன்னான நேரம்' என்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 2019 திருத்தத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். 2022-இல் மட்டும் தமிழ்நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 17,884 பேர். அவர்களில் எத்தனை பேர் இப்படித் தவறான வாசலில் காத்திருந்தார்களோ என்ற நினைப்பு என்னைத் தூங்க விடுவதில்லை.

எங்களுக்குத் தெரியாமல் போன இன்னொன்று, இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48 திட்டம். 2021 டிசம்பரில் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. தொடங்கியபோதே ஒரு லட்சம் ரூபாய் வரை அரசு ஏற்றது. எங்களை இறக்கிவிட்ட இடம் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாவிட்டாலும், உயிருக்கு ஆபத்தோடு வந்தவரைக் காப்பது அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் எல்லோருக்குமே கடமை என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அட்வான்ஸ் கட்டிவிட்டு வா என்பதற்கு அங்கே இடமில்லை. கடைசியில் எங்களுக்கு வந்த பில்லில் 'நரம்பியல் அறுவை மருத்துவர் ஆலோசனை' என்று ஒரு வரி இருந்தது. அந்த மருத்துவரை நாங்கள் கண்ணால் பார்க்கவே இல்லை.

தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் எல்லோரையும் நான் குற்றம் சொல்லவில்லை. பணம் வாங்காமல் ஓடுகிறவர்களையும் எனக்குத் தெரியும். 108 வர உண்மையிலேயே வெகுநேரம் ஆகும் இடங்களும் இருக்கின்றன. அங்கே கிடைத்த வண்டியில் போகத்தான் வேண்டும். அப்படிப் போனாலும் 108-இல் பேசுகிறவரை அழைப்பிலேயே வைத்திருந்து, எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவது என்று அவரிடமே கேளுங்கள். உங்கள் கைபேசியை ஓட்டுநரிடம் கொடுக்காதீர்கள். தலையில் அடி என்றால் ஸ்கேனும் அறுவை செய்யும் மருத்துவரும் ஒரே இடத்தில், இப்போதே இருக்கிறார்களா என்று ஏறுவதற்கு முன்பே கேளுங்கள். தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033 என்ற எண்ணும் உண்டு. அதற்கும் கிலோமீட்டர் கல்லைப் பார்த்துச் சொன்னால் வேலை எளிது. உதவி செய்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்று ஒதுங்கி நிற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த மாணவனைப் போல நல்லெண்ணத்தில் உதவுகிறவர்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு காக்கிறது. விருப்பமில்லாவிட்டால் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுத்திருக்கிறோம். வண்டி வாடகை ரசீது, மருத்துவமனை பில், கைபேசியின் அழைப்புப் பட்டியல் மூன்றையும் இணைத்தோம். 6.41-க்கு நாங்கள் 108-ஐ அழைத்தது, 6.53-க்கு அவர்கள் எங்களைத் திரும்ப அழைத்தது, இரண்டும் அதில் இருக்கின்றன. அந்த இரண்டாவது அழைப்பு 22 விநாடி. கொட்டாம்பட்டி, மேலூர்ப் பக்கம் உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ இப்படி நடந்திருந்தால், ரசீதையும் வண்டி எண்ணையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். அடுத்த மனுவில் சேர்த்துக் கொடுக்கிறேன்.