முதலில் சான்று, பிறகு கட்டுரை: விக்கிப்பீடியாவில் புதியவர்களுடன்

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத வருபவர்களுக்கு அதன் விதிகளைச் சொல்லிக்கொடுக்கும் வேலையை யாழ்ப்பாணத்தில் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். பாடசாலைக் கணினி அறைகளில், சனசமூக நிலைய வாசிகசாலைகளில், சில நேரம் யாராவது வீட்டு விறாந்தையில். புதியவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது இந்தத் தளம் வேறு முகம் காட்டுகிறது. அந்த முகத்தைப் பற்றித்தான் இந்தப் பகிர்வு.

விதிப் பக்கங்கள் ஏராளம். தளத்தின் அடிப்படைக் கொள்கைகளைச் சொல்லும் ‘ஐந்து தூண்கள்’ என்ற பக்கத்தை முதலில் வாசிக்கச் சொன்னால், இரண்டாம் தூணுக்கு வருவதற்குள் பிள்ளைகளின் கை கைபேசிக்குப் போய்விடும். பெரியவர்கள் மரியாதைக்காக முழுவதையும் வாசிப்பார்கள், ஆனால் எதுவும் மனதில் நிற்காது. நடுநிலையாக எழுத வேண்டும் என்றால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். எழுதத் தொடங்கியதும் அவரவர் ஊர்ப் பாடசாலை ‘புகழ்பூத்த’ பாடசாலையாகிவிடுகிறது. ஆகவே நான் விதிகளை வரிசையாகச் சொல்வதில்லை. கணக்குத் தொடங்குவதற்கும் முன்னால் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: நீங்கள் எழுதப்போவதை யார், எங்கே அச்சில் சொல்லியிருக்கிறார்கள்?

இங்கேதான் சண்டை தொடங்குகிறது. இங்கு எழுத வருபவர்களில் பெரும்பாலோர் தங்கள் ஊர், கோயில், பாடசாலை அல்லது பாட்டனாரைப் பற்றித்தான் முதலில் எழுத விரும்புகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டார்: “தம்பி, எங்கள் அப்பு முன்னின்று கட்டிய கோயில். எனக்குத் தெரியாததையா புத்தகம் சொல்லப்போகிறது?” நியாயமான கேள்வி. 1902 இல் இதே யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை அபிதான கோசம் என்ற கலைக்களஞ்சியத்தை வெளியிட்டபோது, அவருடைய புலமையே அந்த நூலுக்கு உத்தரவாதமாக இருந்தது. விக்கிப்பீடியாவில் எழுதுபவர் யாரென்றே வாசகருக்குத் தெரியாது. சென்னையிலோ ரொறன்ரோவிலோ வாசிப்பவர் ஐயாவின் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்க முடியாது. அந்த இடத்தில் சான்று நிற்கிறது. ஐயாவின் சொல்லைச் சந்தேகிப்பதாக இதற்குப் பொருள் இல்லை என்று சொன்ன பிறகுதான் அவர் அலுமாரியைத் திறந்தார்.

அலுமாரியில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று கும்பாபிஷேக மலர். இன்னொன்று, ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் கொடுக்கும், ‘கல்வெட்டு’ என்று நாங்கள் சொல்லும் நினைவு நூல். இவற்றைச் சான்றாகக் கொள்ளலாமா என்பதற்கு எந்த விதிப் பக்கமும் நேராகப் பதில் சொல்வதில்லை. நான் கடைப்பிடிக்கும் அளவு இது: பிறந்த ஆண்டு, படித்த பாடசாலை, திருப்பணி நடந்த ஆண்டு போன்றவற்றுக்கு மலரையும் கல்வெட்டையும் எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் தனிக் கட்டுரைக்கு உரியவர் என்று நிறுவ, அவருடைய குடும்பமே அச்சிட்ட நூல் போதாது. கல்வெட்டில் எல்லோரும் கொடைவள்ளல்கள்தானே! வெளியார் யாராவது அவரைப் பற்றி எழுதியிருக்க வேண்டும்.

ஆனால் ‘சான்று தேவை’ என்ற குறி ஒரு வரியின் பின்னால் விழும்போது, வேறு ஊர்களை விட இங்கு அது கூடுதலாகச் சுடுகிறது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றுள் மறுபிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தவர்கள் வீட்டுக் கடதாசிகளை விட்டுவிட்டுத்தான் நடந்தார்கள். “இருந்ததை எரித்துவிட்டு, இப்போது சான்று கேட்கிறார்களா?” என்று ஓர் அக்கா கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. குறி போடுபவருக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. தெரிந்திருந்தாலும் விதி மாறாது. மாறக் கூடாது என்பதே என் எண்ணமும். நம் இழப்பைக் காட்டி நாம் ஒரு சலுகை வாங்கினால், நம்மைப் பற்றி எதையாவது புனைந்து எழுத வருபவரும் அதே வாசலால் உள்ளே வந்துவிடுவார்.

செய்யக்கூடியது தேடுவதுதான். 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் பழைய இதழ்கள், பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள் எல்லாம் மின்வருடப்பட்டுக் கிடக்கின்றன. பயிற்சியின் பாதி நேரத்தை நான் அங்கேயே செலவிடுகிறேன். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: இணையத்தில் இலவசமாக வாசிக்கலாம் என்பதற்காக அதைப் படியெடுத்து ஒட்ட முடியாது. இலங்கைச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளோடு முடிவதில்லை, அதன் பிறகும் 70 ஆண்டுகள் தொடர்கிறது. படங்களிலும் இதே சிக்கல்தான். ஸ்ரூடியோவில் எடுத்த பாட்டனாரின் படத்தை மின்வருடி, ‘எனது சொந்த ஆக்கம்’ என்று விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றிவிடுகிறார்கள். அது நீக்கப்படும், பிறகு மனத்தாங்கல். இப்போது நல்லூர் வீதியிலோ பண்ணைப் பாலத்திலோ தாங்களே ஒரு படம் எடுத்து ஏற்றும்படி சொல்கிறேன். உரிமம் என்றால் என்னவென்று அதிலேயே விளங்கிவிடுகிறது.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்கும் பக்க வரலாறுதான் இந்தத் தளத்தின் மிகச் சிறந்த ஆசிரியர். எதை அழித்தாலும் மீட்கலாம் என்று ஒரு தடவை செய்துகாட்டினால் புதியவரின் கைநடுக்கம் போய்விடும். எழுதிப் பழகுவதற்கான மணல்தொட்டிப் பக்கமும் நல்லதுதான், ஆனால் சிலர் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். உரையாடுவதற்கான பேச்சுப் பக்கத்தில் ஒப்பமிட நான்கு அலைக்குறிகள் (~~~~) தேவை என்றால், கைபேசி விசைப்பலகையில் அந்தக் குறியைத் தேடியே கால் மணி நேரம் போகும். பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய கோப்புகளை அப்படியே ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும், முதலில் ஒருங்குறிக்கு (யுனிகோட்) மாற்ற வேண்டும். பாமினி விசைமுறையே கைக்குப் பழகியவர்கள் அதை விட வேண்டியதில்லை, தளத்தின் உள்ளீட்டுக் கருவியில் அதுவும் இருக்கிறது. பாடசாலையில் பயிற்சி நடத்துவோர் கவனிக்க: ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளில் ஆறு கணக்குகள்தான் தொடங்க முடியும். ஏழாவது பிள்ளை முழித்துக்கொண்டிருக்கும். வீட்டிலேயே கணக்குத் தொடங்கிவரச் சொல்லுங்கள், அல்லது முன்கூட்டியே நிர்வாகியிடம் உதவி கேளுங்கள்.

எனக்கு இன்னும் தீராத குறை, கட்டுரையை நீக்கப்போவதாக வரும் அறிவிப்புகள். அவற்றின் வாசகம் நீதிமன்ற அழைப்பாணை போல இருக்கிறது. 2003 இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கிய காலத்திலேயே இடைமுகத்தைத் தமிழாக்கி அதை வளர்த்தவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன். ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளோடு தளம் இன்று பெருத்துவிட்டது. அண்மைய மாற்றங்களைக் கண்காணிப்பவர்கள் சிலரே, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத அவர்களால் முடியாது. அது புரிகிறது. ஆனாலும், “இந்தப் பந்திக்கு ஒரு நாளிதழ்ச் செய்தி கிடைத்தால் கட்டுரையை வைத்திருக்கலாம்” என்ற ஒரு வரியைக் கையால் எழுதினால், புதியவர் திரும்பி வருகிறார். ஆயத்த வாசகமான வார்ப்புரு மட்டும் விழுந்தால் அநேகமாக வருவதில்லை. அந்த அறிவிப்பு வந்ததையே கவனிக்காதவர்களும் உண்டு. மேலே இருக்கும் மணிச் சின்னத்தில் எண் ஏறியிருப்பதை அவர்கள் பார்ப்பதில்லை. அதனால் பயிற்சி முடிந்து ஒரு வாரம் கழித்து மறுபடியும் போய், மணியை அழுத்தச் சொல்லி, வந்திருக்கும் செய்திக்கு அவர்கள் பதில் எழுதும்வரை பக்கத்தில் இருக்கிறேன்.