சிஆர்பி, டி-டைமர், ஃபெரிட்டின், என்எல்ஆர்: கொரோனா வார்டில் எதை நம்பலாம்?

2021 மே மாதம், இரண்டாம் அலையின் உச்சம். யாருக்கு மூச்சுத்திணறல் முற்றும் என்பதை முன்கூட்டியே சொல்லும் ஒரு ரத்தப் பரிசோதனை எங்களுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. எல்லாவற்றையும் எல்லாருக்கும் திரும்பத் திரும்ப எடுப்பது சிறிய மருத்துவமனையில் நடக்காத காரியம். நான் சிஆர்பியை, அதாவது அழற்சி ஏறும்போது கல்லீரல் ரத்தத்தில் விடும் புரதத்தை, பிடித்துக்கொண்டேன். ஆக்ஸிமீட்டர்தான் எதற்கும் முதலில் என்பதில் விவாதமே இல்லை.

அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைப் புரதமான ஐஎல்-6ஐ அளக்க விலை அதிகம். மாதிரியை வெளியூருக்கு அனுப்பிக் காத்திருக்கவும் வேண்டும். கல்லீரல் சிஆர்பியைச் சுரப்பதே பெரும்பாலும் ஐஎல்-6 தூண்டுவதால்தான். அப்படியிருக்க, அதே சேதியை மலிவாகச் சொல்லும் சிஆர்பி போதாதா?

இரும்பைச் சேமித்துவைக்கும் புரதமான ஃபெரிட்டினும் அழற்சியில் ஏறும்; ஆனால் எனக்குப் பெரிதாக உதவவில்லை. கல்லீரலில் கொழுப்பு இருந்தாலே ஏறிவிடும். இரும்புச்சத்துக் குறைந்த பெண்களுக்கோ அழற்சி இருக்கும்போதும் சாதாரண அளவில் நின்று ஏமாற்றும்.

ரத்தக்கட்டு கரையும்போது உண்டாகும் துணுக்கான டி-டைமரை ஒதுக்க முடியாது. வூஹானின் 191 நோயாளிகளைப் பற்றி 2020 மார்ச்சில் லான்செட்டில் வந்த ஆய்வு, சேரும்போதே அது மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டியவர்களிடம் இறப்பு அதிகம் என்று காட்டியது. ஆனால் வயதானாலும், கர்ப்பத்திலும், அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அது ஏறும். ரத்தக்கட்டு பற்றிய சந்தேகம் வரும்போதுதான் அதன் முழுப் பயன் தெரியும்.

என்எல்ஆர், அதாவது வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் வகையின் எண்ணிக்கையை லிம்போசைட் வகையின் எண்ணிக்கையால் வகுத்து வருவது, எல்லாவற்றிலும் மலிவு. சாதாரண ரத்த அணுப் பரிசோதனையே போதும். சேர்க்கும் நாளில் நல்ல துப்பு கொடுக்கும். சிக்கல், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உள்ளே போனதும் தொடங்கும். ஸ்டீராய்டு நியூட்ரோஃபிலை ஏற்றி லிம்போசைட்டை இறக்கும்; நோயாளி தேறிவந்தாலும் என்எல்ஆர் மோசமாகும். அந்த மாதத்தில் பலர் வீட்டிலேயே ஸ்டீராய்டு சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்கள்.

சரி, சிஆர்பியில் அப்படி என்ன? திரும்ப எடுத்துப் பார்க்கும்போது அதற்கு அர்த்தம் இருக்கிறது. ரத்தத்தில் அதன் அரை ஆயுள், அதாவது இருப்பது பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 19 மணி நேரம். நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அநேகமாக மாறாது. ஆகவே அளவு ஏறி இறங்குவது கல்லீரல் எவ்வளவு சுரக்கிறது என்பதைப் பொறுத்தது. அழற்சி அடங்கினால் ஓரிரு நாளில் எண்ணும் பாதியாகிவிடும். காய்ச்சலின் ஐந்தாம் நாளில் லிட்டருக்கு 30 மில்லிகிராம், ஏழாம் நாளில் 90 என்று வந்தால், ஆக்ஸிஜன் 95 காட்டினாலும் அவரை வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வராது. இரண்டு நாளும் 60 என்று நிற்பவரைப் பற்றி அவ்வளவு பயமில்லை. ஒற்றை முடிவை வைத்து இந்த வித்தியாசத்தைச் சொல்லவே முடியாது. எய்ம்ஸ்-ஐசிஎம்ஆர் வழிகாட்டுதலும் மிதமான நோய்க்கு சிஆர்பியையும் டி-டைமரையும் 48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொன்னது. பிரிட்டனின் ரெகவரி ஆய்வில், ஐஎல்-6ஐத் தடுக்கும் மருந்தான டோசிலிசுமாபுக்கு ஆள் தேர்ந்தெடுத்ததும் ஆக்ஸிஜன் குறைவோடு சிஆர்பி லிட்டருக்கு 75 மில்லிகிராம் என்ற அளவுகோலில்தான்.

ஸ்டீராய்டு சிஆர்பியையும் இறக்கும். அதனால்தான், ஸ்டீராய்டு கொடுத்தும் இறங்காத சிஆர்பி எனக்குப் பெரிய எச்சரிக்கை. இறங்கி மறுபடி ஏறினால் பாக்டீரியா தொற்று புகுந்துவிட்டதா என்று தேடுவேன். அப்போது, பாக்டீரியா தொற்றில் ஏறும் புரோகால்சிடோனினை எடுப்பதில் நியாயம் உண்டு. ஆனால் டோசிலிசுமாப் போட்டபின் சிஆர்பியை நம்பக்கூடாது. ஐஎல்-6 வழி அடைபடுவதால் புதுத் தொற்று வந்தாலும் எண் கீழேயே கிடக்கும்.

அப்புறம், லேப் தாளில் அலகைப் பாருங்கள். டெசிலிட்டருக்கு 12 மில்லிகிராம் என்றால் லிட்டருக்கு 120. லேப் மாறும்போது இது பலரையும் குழப்புகிறது. டி-டைமரில் குழப்பம் இன்னும் அதிகம்; அதை எஃப்ஈயூ, டிடியூ என்ற இரண்டு வித அலகுகளில் தருகிறார்கள். எஃப்ஈயூ கணக்கில் வரும் எண் டிடியூ கணக்கைவிட ஏறத்தாழ இருமடங்கு இருக்கும்.

இதெல்லாம் பெரும்பாலும் தடுப்பூசி போடாத, நாற்பதைத் தாண்டியவர்களிடம் பார்த்தது. குழந்தைகளிடமும் ஒமைக்ரான் காலத்திலும் என் அனுபவம் குறைவு. அங்கே இதே எண்களை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். இன்ஃபுளுயன்சாவில் சிஆர்பி 100ஐத் தாண்டினால், வைரஸின் தீவிரம் என்று முடிவுகட்டும் முன் பாக்டீரியா நிமோனியாவைத் தேடுவதே என் வழக்கம்.