காடி (கார்) கதவு தொறக்க 50 வெள்ளி (ரிங்கிட்)னு போன்ல சொல்றவங்கள நம்பாதீங்க, சுங்கை சிப்புட் பக்கம் உள்ளவங்க கவனிக்கவும்

பேராக் மாநிலத்துல சுங்கை சிப்புட், சலாக், லிந்தாங், காராய் பக்கம் இருக்கற நம்ம ஜனங்க, இன்னும் தோட்டத்துக்குள்ளயே குடியிருக்கறவங்க, தயவு செஞ்சு இத முழுசா படிங்க. வீட்ல வயசானவங்க காடி ஓட்டறாங்கனா அவங்களுக்கும் படிச்சு காட்டுங்க. சாவி காடிக்குள்ள மாட்டிக்கிச்சுனா வந்து தொறந்து விடறோம், 24 மணி நேரமும் வருவோம், வெறும் 50 வெள்ளின்னு நெட்ல விளம்பரம் போட்டு ஒரு கூட்டம் சுத்துது. எங்ககிட்ட 450 வெள்ளி புடுங்கிட்டு கதவையும் நாசம் பண்ணிட்டு போயிட்டாங்க. பேர் இங்க போடல, ஏன்னா புகார் குடுத்திருக்கோம், அதோட அவங்க பேர மாத்தி மாத்தி வேற வேற நம்பர்ல விளம்பரம் போடறாங்க, அதனால பேர விட அவங்க எப்படி வேல செய்யறாங்கன்னு தெரிஞ்சுக்கறதுதான் உங்களுக்கு உதவும்.

ஞாயித்துக்கெழம நானும் என் மாமியாரும் தோட்டத்துக்கு போயிருந்தோம். கோயில் முன்னால காடிய நிறுத்திட்டு, அத்தைக்கு முட்டி வலிங்கறதால இஞ்சின அணைக்காம அப்படியே எறங்கி வந்து அவங்க பக்கத்து கதவ தொறந்து கையப் புடிச்சு எறக்கி விட்டேன், கதவ சாத்துனதும் டக்குனு நாலு கதவும் லாக் ஆயிடுச்சு. 2010 புரோட்டோன் சாகா காடி, வெளிக்கடையில மாட்டுன அலாரம், டிரைவர் கதவுல இருக்கற லாக் மோட்டார் தேஞ்சு போயி தன்னால லாக் அடிக்குதுன்னு பிற்பாடு காடி ரிப்பேர் பண்ற போமென் பாத்து சொன்னாரு. சாவி உள்ள, இஞ்சின் ஓடுது, என் ஹேண்ட்பேக் உள்ள, அத்தையோட இன்சுலின் ஊசி பையும் உள்ள. போன் மட்டும் கையில. மணி பன்னண்டு ஆகப் போவுது, ஊசி போடாம அவங்க சாப்பிட முடியாது. வீட்டுக்காரரு சிங்கப்பூர்ல வேல, ஸ்பேர் சாவி அவருகிட்ட.

நெட்ல தேடுனேன். மொதல்ல வந்ததே சுங்கை சிப்புட் அட்ரஸ் போட்ட ஒரு சாவிக் கடை, நெறய ஸ்டார் வேற. போன் பண்ணா ஒரு பொண்ணு பேசுச்சு, "50 ரிங்கிட் மட்டும் கக்கா (அக்கா), அரை மணி நேரத்துல ஆள் வருவாரு, லொகேஷன் அனுப்புங்க"ன்னு. காடி மாடல், வருஷம் எல்லாம் கேட்டுச்சு, நானும் சொன்னேன். அப்பவும் வேற ஏதும் சார்ஜ் இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லல. இத நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க, மாடல் தெரிஞ்சும் 50ன்னு சொன்னாங்க.

அரை மணி நேரம்னு சொன்னவங்க வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அது வரைக்கும் இஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கு, பெட்ரோல் தீந்துடுமோ, சூடு ஏறிடுமோன்னு ஒரு பக்கம் பயம், அத்தை கோயில் திண்ணையில ஒக்காந்து எனக்கு ஒன்னும் இல்லம்மா, நீ பதறாதன்னு சொல்றாங்க ஆனா கை நடுங்குது, பக்கத்து லயத்துல இருந்து மண்டோர் (கங்காணி) அண்ணே ஒருத்தரு வந்து "தங்கச்சி, பேசாம கண்ணாடிய ஒடச்சிடவா"ன்னு கேட்டாரு, நான் ஆள் வந்துகிட்டே இருக்காங்கண்ணேன்னு சொல்லி நிறுத்திட்டேன், ஏன்னா போன் பண்ணும்போதெல்லாம் "பக்கத்துல வந்துட்டாரு கக்கா"ன்னுதான் அந்த பொண்ணு சொல்லுச்சு.

வந்தது ஒரு நம்ம பையன்தான். கடை பேர் போட்ட வேன் கெடயாது, சட்டையும் சாதா சட்ட, ஒரு மோட்டார்ல வந்தான். அக்கா அக்கான்னு ரொம்ப மரியாதயா பேசுனான், அத்தைய பாத்து பாட்டி சாப்பிட்டீங்களான்னு வேற கேட்டான். கதவு இடுக்குல காத்து பைய விட்டு ஊதி, ஒரு கம்பிய விட்டு கொஞ்ச நேரம் ஆட்டுனான். ரப்பர் கிழியற சத்தம் எனக்கே கேட்டுச்சு. அப்புறம் திரும்பி, "அக்கா, இது சிஸ்டம் லாக், கம்பிக்கு வராது, டிரில் போட்டாதான் தொறக்கும்"னு சொன்னான். எவ்ளோ ஆகும்னு கேட்டேன். "அது பாத்துக்கலாம்கா, மொதல்ல பாட்டிக்கு மருந்து வேணும்ல"ன்னான். எங்க அவசரத்த தெரிஞ்சுகிட்டுதான் அப்படி பேசியிருக்கான். சாவி போடற ஓட்டையில டிரில்ல வெச்சு தொளச்சு கதவ தொறந்தான், தொறந்த ஒடனே உள்ள கைய விட்டு இஞ்சின அணச்சு, சாவிய உருவி தன்னோட பாக்கெட்ல போட்டுகிட்டான்.

அதுக்கப்புறம்தான் கணக்கு. வர்றதுக்கு 50, வேலக்கூலி 180, டிரில் 150, ஞாயித்துக்கெழம சார்ஜ் 100, மொத்தம் 480. நான் 50 தான சொன்னாங்கன்னு கேட்டா "அது வர்றதுக்கு மட்டும் அக்கா, போன்ல சொல்லலியா?"ன்னு கேக்கறான். திரும்ப அந்த பொண்ணுக்கு போன் போட்டா எடுக்கல. மண்டோர் அண்ணே சத்தம் போட்டாரு. அப்ப அவன் பேச்சே மாறிடுச்சு, அக்கா போயி நீ ஆயிடுச்சு, "காசு குடுத்தா சாவி, இல்லனா நான் கெளம்பறேன், நீ பாலாய்க்கு (போலீஸ் ஸ்டேஷனுக்கு) போ"ன்னான். அத்தைக்கு வேர்த்து கொட்டுது. 450க்கு ஒத்துக்கிட்டு போன்லயே பேங்க் பணம் அனுப்பற டியூட்நவ்ல அனுப்புனேன், பணம் போன கணக்கு ஒரு தனி ஆள் பேர்ல இருந்துச்சு, கடை பேர் இல்ல. ரசீது கேட்டேன், வாட்சாப்ல அனுப்பறேன்னான், இன்னி வரைக்கும் வரல.

மறுநாள் அந்த நெட்ல போட்ட அட்ரஸுக்கு போனேன். அது ஒரு முடிவெட்டற கடை. அந்த கடைக்காரரு பாவம், "நீங்க மட்டும் இல்லம்மா, இதே கேள்வியோட ஆளுங்க வந்துகிட்டே இருக்காங்க"ன்னு சொன்னாரு. அவரோட அட்ரஸ சும்மா போட்டு வெச்சிருக்காங்க, பக்கத்துல உள்ளவங்க தேடும்போது முன்னால வரணும்னு.

அப்புறம் பசார் பக்கத்துல ரொம்ப வருஷமா சாவி வெட்டற சீன அங்கிள்கிட்ட காடிய கொண்டு போயி காட்டுனேன். தோட்டத்துல பொறந்து வளந்தவரு, நம்மள விட நல்லா தமிழ் பேசுவாரு. கதவ பாத்துட்டு கொஞ்ச நேரம் ஒன்னும் பேசல. அப்புறம், "அம்மா, இந்த காடிக்கு எதுக்கும்மா டிரில், இது பழைய காடி, காத்து பையும் கம்பியும் போதும், வேல தெரிஞ்சவனுக்கு அஞ்சு பத்து நிமிஷம், நான்னா 60 வெள்ளி வாங்குவேன், தோட்டத்துக்கு உள்ளார வரணும்னா 80"ன்னாரு. கம்பிக்கு வரலன்னா கூட சாவி ஓட்டையிலயே கருவி விட்டு பல்ல படிச்சு தொறக்கலாம், பூட்டுக்கு ஒன்னும் ஆவாதுன்னு அந்த கருவிய எடுத்து காட்டுனாரு. தொளச்சா என்ன ஆகும்னு அவர் சொன்னத எல்லாரும் தெரிஞ்சுக்கணும்: அந்த பூட்டு செத்துச்சு, புதுசு மாத்துனா கதவுக்கு ஒரு சாவி, இஞ்சினுக்கு ஒரு சாவின்னு ரெண்டு வெச்சுக்கணும், இல்லனா பழைய சாவிக்கு ஏத்த மாதிரி பூட்டு உள்ள இருக்கறத மாத்தி அடுக்கணும், அதுக்கு தனிக் கூலி. எங்களுக்கு பூட்டு, கிழிஞ்ச ரப்பர், வளஞ்ச கதவு ஃப்ரேம் நிமித்தறது எல்லாம் சேத்து இன்னொரு 270 வெள்ளி போச்சு. இப்பவும் ஹைவேல போனா அந்த கதவு பக்கம் காத்து சத்தம் வருது.

எனக்கு வயிறு எரியறது வேற ஒரு விஷயத்துக்கு. நம்ம காடி இன்சூரன்ஸ், அதாவது ஃபுல் கவர், அதுல பல கம்பெனி ரோட்ல மாட்டிகிட்டா உதவிக்கு வர்றதுக்கு 24 மணி நேர நம்பர் ஒன்னு குடுக்கறாங்க. இழுத்துகிட்டு போறது, பேட்டரி, டயர், சில பாலிசில சாவி மாட்டிகிட்டா ஆள் அனுப்பறது கூட இருக்கு. எங்க பாலிசில இருந்துச்சு! வருஷா வருஷம் ரோட் டேக்ஸ் போடும்போது இன்சூரன்ஸ் எடுக்கறோம், ஒரு தடவ கூட அந்த ஏஜென்ட் வாயத் தொறந்து சொன்னதில்ல. இன்னிக்கே பாலிசிய எடுத்து பாருங்க, அந்த நம்பர போன்ல சேவ் பண்ணி வைங்க, பேப்பர் காடிக்குள்ள இருந்து பிரயோஜனம் இல்ல. ஏ.ஏ.எம். (மலேசிய ஆட்டோமொபைல் சங்கம்) மெம்பரா இருக்கறவங்க அவங்களுக்கும் கூப்பிடலாம். வடக்கு தெற்கு ஹைவேல மாட்டுனா அந்த ஹைவேய நடத்தற பிளஸ் கம்பெனியோட ரோந்து காடிங்க இருக்கு, அவங்கள கூப்பிடுங்க, தெரியாத ஆளு வந்து நின்னு நான் உதவி பண்றேன்னா சம்மதிக்காதீங்க.

சாவிக்காரர கூப்பிட வேண்டி வந்தா போன்லயே கேளுங்க: எல்லாம் சேத்து மொத்தம் எவ்ளோ, டிரில் போடுவீங்களா, கடை எங்க இருக்கு. பதில வாட்சாப்ல எழுதி அனுப்ப சொல்லுங்க. உண்மையான கடைக்காரன் எழுதி குடுக்க பயப்பட மாட்டான், மாட்டேன்னு சொன்னா அங்கயே விட்டுடுங்க. வந்த ஆள் டிரில்ல எடுத்தா வேணாம்னு சொல்லி அனுப்பிடுங்க. அப்புறம் முக்கியமா, கதவு தொறந்ததும் சாவிய நீங்க எடுங்க, இல்ல உங்க கூட இருக்கறவர பக்கத்துலயே நிக்க வெச்சு எடுக்க சொல்லுங்க, எங்க கதையில பேரம் முடிஞ்சதே சாவி அவன் பாக்கெட்டுக்கு போன அந்த நிமிஷம்தான்.

இது எல்லாத்துக்கும் மேல ஒன்னு. உள்ள குழந்த மாட்டிகிச்சுனா எந்த சாவிக்காரனுக்கும் காத்திருக்காதீங்க. நம்ம ஊரு வெயில்ல சாத்துன காடி கொஞ்ச நேரத்துலயே அடுப்பா கொதிக்கும். 999 அடிங்க, போம்பா (தீயணைப்பு படை) வருவாங்க, அதுக்கு காசு கெடயாது. குழந்தைக்கு முடியலனு தெரிஞ்சா அவங்க வர்ற வரைக்கும் கூட பாக்காம, குழந்தைக்கு தூரமா இருக்கற கண்ணாடிய ஒடச்சிடுங்க. சாகா, மைவி மாதிரி காடிக்கு பழைய கதவு கண்ணாடி, பழைய காடி சாமான் விக்கற ஹாஃப் கட் கடைங்கள்ல கெடைக்கும், அதுக்காக யோசிக்கவே வேணாம்.

நாங்க பாலாய்ல ரிப்போட் போட்டுட்டோம். ஈப்போவுக்கு போயி பயனீட்டாளர் டிரிபியூனல்லயும் கோரிக்க பதிஞ்சாச்சு. இது நெறய பேருக்கு தெரியல: 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துல வந்த மன்றம், பதியறதுக்கு 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், லாயர் வேணாம், சம்பவம் நடந்து மூணு வருஷத்துக்குள்ள பதியணும். எதிராளி யாருன்னு பேர் வேணும், அங்கதான் எனக்கு டியூட்நவ் ஸ்கிரீன்ஷாட் கை குடுத்துச்சு, கையில காச குடுத்திருந்தா ஒன்னுமே இருந்திருக்காது. அந்த பொண்ணு 50 வெள்ளின்னு பேசுன கால் லிஸ்ட், லொகேஷன் அனுப்புன சாட், தொளச்ச பூட்டு போட்டோ, அங்கிள் எழுதி குடுத்த பில் எல்லாத்தயும் சேத்து வெச்சிருக்கேன். அங்கிள் கூப்பிட்டா வந்து சொல்றேன்னு சொல்லியிருக்காரு, மண்டோர் அண்ணனும் வர்றேன்னு சொல்லியிருக்காரு. இன்னும் விசாரணைக்கு கூப்பிடல.

அந்த முடிவெட்டற கடைக்கு வந்து கேட்டுட்டு போனவங்க யாராவது இத படிச்சா, இல்ல 50ன்னு சொல்லி நூத்துக்கணக்குல வாங்கிட்டு போன கத உங்களுக்கும் நடந்திருந்தா, பணம் அனுப்புன ஸ்கிரீன்ஷாட்ட அழிச்சிடாதீங்க, நீங்களும் போயி பதியுங்க, எனக்கும் ஒரு வார்த்த எழுதுங்க. ஒரே கணக்கு பேர்ல நாலு பேர் புகார் குடுத்தா அவன் இது ஏதோ பேச்சு தவறுன விஷயம்னு சொல்லி தப்பிக்க முடியாது.