திரைக்கா, கதவுக்கா? கார் ஆடியோவில் பணம் போக வேண்டிய இடம்

எட்டுப் பத்து ஆண்டுகள் ஓடிய ஹேட்ச்பேக் காரில், காரோடு வந்த ஸ்டீரியோவான கம்பெனி செட்டை மாற்றலாம் என்று எண்ணி, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ தம் ஊரில் கார் அலங்காரக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவுக்கோ போகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது திரைதான். 9 அங்குலம், 10 அங்குலம் என்று ஒளிரும் திரைகள் கடை முகப்பில் ஓடிக்கொண்டிருக்கும்; ஸ்பீக்கர்களோ உள்ளே அட்டைப் பெட்டிகளில் அடுக்கப்பட்டிருக்கும். அதனால்தான் கையிலிருக்கும் முப்பதாயிரம் ரூபாயில் பெரும்பகுதி திரைக்குப் போய்விடுகிறது. மிச்சத்துக்குக் கிடைக்கும் ஸ்பீக்கர் கதவில் ஏறுகிறது. பாட்டுக் கேட்பதற்காகவே செலவு செய்பவர் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் முடிவு.

இந்தத் தொகைக்குள் மூன்று வழிகள் போட்டியிடுகின்றன. தனியாகவே இயங்கும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவை வாங்குவது ஒன்று. பயனியர், சோனி, கென்வுட் போன்ற நிறுவனங்களின், ஆப்பிள் கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் உள்ள ரிசீவரை வாங்குவது இன்னொன்று. கம்பெனி செட்டைத் தொடாமல் விட்டுவிட்டு, ஸ்பீக்கரையும் கதவையும் சரிசெய்து, தேவைப்பட்டால் ஒலியின் ஆற்றலைக் கூட்டும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஒன்றைச் சேர்ப்பது மூன்றாவது.

ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவும் ரிசீவரும்

பெயர் ஒன்றுபோல் ஒலிப்பதால் பலர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ என்பது டேஷ்போர்டில் பதித்த ஒரு டேப்லெட். அதற்கென்று தனி பிராசசர், தனி நினைவகம், தனி ஆப்கள் எல்லாம் உண்டு. 2014இல் வந்த கார்பிளேயும் 2015இல் வந்த ஆண்ட்ராய்டு ஆட்டோவும் அப்படியல்ல. வேலையைச் செய்வது கைப்பேசிதான். ரிசீவர் அதன் திரையாகவும் ஒலிவழியாகவும் மட்டுமே நிற்கிறது. இந்த வேறுபாடு மூன்றாம் ஆண்டில்தான் உறைக்கும். வாங்கிய அன்று பளிச்சென்று ஓடிய 2 ஜி.பி. நினைவகமுள்ள ஸ்டீரியோ, ஆப்கள் பெருகப் பெருகத் தடுமாறத் தொடங்குகிறது. வெயிலில் நின்ற காரில் ஏறி, வரைபடம் திறப்பதற்காகச் சாலையோரத்திலேயே காத்திருக்க வேண்டியதாகிறது. ரிசீவரில் வரைபடத்தைப் புதுப்பிப்பது கைப்பேசி. கைப்பேசியை மாற்றினால் காரின் திரையும் புதிதானதுபோல் ஆகிவிடும்.

ஒலியைப் பொறுத்தவரை ரிசீவரின் நன்மை இன்னும் தெளிவானது. நல்ல ரிசீவர்களின் பின்புறத்தில் ஆம்புக்கான பிரி-அவுட் இணைப்புகள் 2 வோல்ட்டிலோ 4 வோல்ட்டிலோ இருக்கும். வோல்ட் கூடினால் வயரில் புகும் இரைச்சல் அதற்குள் அமுங்கிவிடும். டைம் அலைன்மென்ட் என்னும் வசதியும் பலவற்றில் உண்டு. நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால் வலக்கதவு ஸ்பீக்கர் காதுக்கு அருகிலும் இடக்கதவு ஸ்பீக்கர் தொலைவிலும் இருக்கின்றன. இடைவெளி 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் செல்வதால், இடப்பக்க ஒலி 1.8 மில்லி நொடி தாமதமாக வந்து சேரும். வலப்பக்கத்தை அதே அளவு தாமதப்படுத்திவிட்டால், அதுவரை கதவோரத்தில் ஒட்டிக்கிடந்த பாடகர் குரல் டேஷ்போர்டின் நடுவே வந்து நிற்கும். இதை முதன்முறை கேட்டபோது நான் அடைந்த மகிழ்ச்சியை எந்தத் திரையும் தந்ததில்லை.

ஆனாலும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ வெல்லும் இடங்களும் உண்டு. நான்கு பக்கமும் கேமரா வைத்துச் சுற்றுப்புறத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும், சிறிய திரையில் ரிவர்ஸ் கேமரா படம் சரியாகத் தெரியாத மூத்தவர்களுக்கும் அதுவே பொருந்தும். அப்படி வாங்குவதானால் 4 ஜி.பி. நினைவகத்துக்குக் குறையாமல் வாங்குங்கள். கார் நிற்கும்போது அது முழுதாக அணைகிறதா, அரைத்தூக்கத்தில் கிடந்து பேட்டரியை உறிஞ்சுகிறதா என்பதையும் கேட்டுத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை மட்டும் எடுக்கப்படும் காருக்கு இது முக்கியம். மற்றவர்களுக்கு இவ்விரண்டில் என் தேர்வு ரிசீவர்தான்.

அட்டையில் எழுதியிருக்கும் வாட்

இரண்டு வகைப் பெட்டிகளின் மேலும் "50 வாட் × 4" என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். இது ஒரு கணம் எட்டக்கூடிய உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். அளவு அன்று. கணக்கு எளிது. எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14.4 வோல்ட் அளவில் இருக்கும். அதை உச்சமாகக் கொண்டு எழும் அலையின் ஆர்.எம்.எஸ். மதிப்பு 10 வோல்ட்டுக்குச் சற்று மேல். அதை 4 ஓம் ஸ்பீக்கரில் செலுத்தினால் 26 வாட் கிடைக்கும். இழப்புகள் போகக் கைக்கு வருவது 20 வாட்டை ஒட்டியது. நம்பிக்கை வராதவர்கள் ஸ்டீரியோவின் பின்புறம் உள்ள ஃபியூஸைப் பார்க்கலாம். அது 10 ஆம்பியராக இருந்தால், 14.4ஐ 10ஆல் பெருக்கினால் உள்ளே போகும் மின்சாரமே 144 வாட்தான். அதிலிருந்து தொடர்ச்சியாக 200 வாட் வெளியே வர வழியே இல்லை.

ஸ்பீக்கர் தேர்வு இந்த 20 வாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆம்ப் வைக்காதவர்கள் ஸ்பீக்கரின் வாட் எண்ணைப் பார்க்கத் தேவையில்லை; சென்சிட்டிவிட்டி என்று குறிப்பிடப்படும் டெசிபல் எண்ணைப் பார்க்க வேண்டும். 88 டெசிபல் ஸ்பீக்கர் தரும் ஒலியை 91 டெசிபல் ஸ்பீக்கர் பாதி மின்சாரத்திலேயே தந்துவிடும், ஏனெனில் 3 டெசிபல் என்பது ஆற்றலில் இருமடங்கு. "300 வாட்" என்று அச்சிட்ட கனத்த ஸ்பீக்கரை வாங்கி ஆம்ப் இல்லாமல் மாட்டியவர்கள், கம்பெனி ஸ்பீக்கரைவிடச் சத்தம் குறைந்துவிட்டது என்று குறைபட்டுக்கொள்வதன் காரணம் இதுவே.

கோஆக்சியலா, காம்பொனென்ட்டா என்பது அடுத்த கேள்வி. கோஆக்சியலில், உச்ச ஒலிகளைத் தரும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர், பெரிய ஸ்பீக்கரின் நடுவிலேயே அமர்ந்திருக்கும். விலை குறைவு, பொருத்துவதும் எளிது. காம்பொனென்ட்டில் ட்வீட்டர் தனியாக வந்து, முன்கண்ணாடியை ஒட்டிய தூணிலோ கதவின் மேல் மூலையிலோ காது மட்டத்துக்கு அருகில் ஏறும். இரண்டுக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கக் கிராஸ்ஓவர் ஒன்று இருக்கும். கதவின் அடியில் முழங்காலை நோக்கி ஒலிக்கும் ட்வீட்டரைவிட இது எவ்வளவோ மேல். முன்கதவுகளுக்குக் காம்பொனென்ட் வாங்கிவிட்டுப் பின்கதவுகளைக் கம்பெனி ஸ்பீக்கரோடு அப்படியே விட்டுவிடுவது, நாலு கதவுக்கும் மலிவான கோஆக்சியல் வாங்குவதைவிடச் சிறந்தது. கடையில் கேட்டுப் பார்க்கும்போது அங்கே போடும் பாட்டை நம்பாதீர்கள். நன்றாகத் தெரிந்த ஒரு கச்சேரிப் பதிவைக் கொண்டுபோங்கள். மட்டமான ட்வீட்டரில் நாகசுரம் காதைக் கிழிக்கும். மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் கேட்டுத் தொப்பியின் (இடப்பக்கத்தின்) ஆழ்ந்த கும்கி காணாமல் போனால், அந்த ஸ்பீக்கரிலோ அது நிற்கும் இடத்திலோ குறை இருக்கிறது.

பெரும்பாலும் குறை அந்த இடத்தில்தான். முன்கதவின் உள் உறையை ஒருமுறை கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிய காகிதக் கூம்பும், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு காந்தமும்தான் கம்பெனி ஸ்பீக்கர். அதைச் சுற்றியுள்ள தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள். அவற்றின்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். வெளித்தகட்டை விரலால் தட்டினால் எண்ணெய் டின்னைத் தட்டியதுபோல் "டங்" என்று அதிரும். ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கவும் செய்கிறது. முன்னலையும் பின்னலையும் எதிரெதிரானவை. அந்த ஓட்டைகளின் வழியாகப் பின்னலை காருக்குள் கசிந்து முன்னலையைச் சந்திக்கும்போது பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி அடிபட்டுப் போகிறது. எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் இந்தக் கதவில் அது பாதிதான் பாடும்.

இதற்கு மருந்து, ஒருபுறம் அலுமினியத் தாளும் மறுபுறம் பிசினும் உள்ள, அதிர்வை அடக்கும் பியூட்டில் டேம்பிங் ஷீட். வெளித்தகட்டின் உட்புறத்தில் ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் ஒட்டி, உருளையால் அழுத்தித் தேய்த்து, உள்தகட்டின் ஓட்டைகளையும் மூடிவிட்டால் அதே கதவு "டப்" என்று கனமாக ஒலிக்கும். என் காரில் ஒரு கதவை மட்டும் முதலில் முடித்துவிட்டு, மற்றக் கதவைத் தொடாமல் இரண்டையும் மாறி மாறிக் கேட்டேன். பழைய கம்பெனி ஸ்பீக்கரே ஒருபக்கம் தவிலாகவும் மறுபக்கம் தகர டப்பாவாகவும் ஒலித்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது கதவைத்தான். கதவின் அடிவிளிம்பில் மழைநீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். அவற்றை ஷீட் மூடிவிட்டால் தண்ணீர் தேங்கித் தகடு துருப்பிடிக்கும்.

சப்வூஃபர்: சீட்டுக்கு அடியிலா, டிக்கியிலா?

ஆழ்ந்த பேஸ் ஒலிக்கென்றே வைக்கும் ஸ்பீக்கர்தான் சப்வூஃபர். சீட்டுக்கு அடியில் வைக்கும் 8 அங்குலப் பெட்டிக்குள்ளேயே ஆம்பும் இருக்கும். டிக்கி முழுதும் காலியாகவே கிடைக்கும். அதன் வரம்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். மெல்லிய பெட்டி ஆதலால் 40 ஹெர்ட்ஸ் அளவுக்குக் கீழே அது தளர்ந்துவிடும். டிக்கியில் வைக்கும் 10 அங்குல மூடிய பெட்டி இன்னும் ஆழமாக இறங்கும். துளை வைத்த பெட்டி அதைவிடச் சத்தமாக ஒலிக்கும், ஆனால் அடி நின்ற பிறகும் அதிர்வு இழுபடும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது டிக்கியில் அரிசி மூட்டையும் தேங்காயும் ஏற்றும் குடும்பத்துக்கும், சி.என்.ஜி. தொட்டி பொருத்திய காருக்கும் சீட்டடிப் பெட்டியே போதும். எதை வைத்தாலும், கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி போகாதபடி ஹை-பாஸ் வடிகட்டியைப் போட்டுவிடுங்கள். கனமான வேலையைச் சப்வூஃபர் ஏற்றுக்கொள்ளும், குரல் தெளியும்.

வயரில் வரும் வினை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் என் காருக்கு ஆம்ப் பொருத்தினார்கள். காருக்கென்று விற்கும் கப்ளர் என்னும் செருகு இணைப்பைப் போடாமல் கம்பெனி வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். மின்வயரும் ஒலிவயரும் ஒரே பக்கமாக ஓடின. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் "ஊய்ங்" என்ற ஒலியும் ஏறியது. எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் ஒலிவயருக்குள் புகுந்ததே காரணம். வேறொருவரிடம் கொடுத்து, ஒலிவயரை எதிர்ப்பக்கமாக மாற்றி, எர்த் இணைப்பைப் பெயின்ட் சுரண்டிய தகட்டில் இறுக்கிய பிறகே அது அடங்கியது. இரண்டாம் முறை கூலி கொடுத்த எரிச்சல் இன்றும் இருக்கிறது.

வயர் வாங்கும்போது முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பில் 61 விழுக்காடு மட்டுமே. ஒரே பருமனில் அது அதிகம் சூடாகும். பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். வழியில் எங்காவது வயர் உரசித் தகட்டைத் தொட்டால் தீப்பிடிக்காமல் காப்பது அது ஒன்றுதான். ஃபியூஸ் இல்லாமல் காரைத் திருப்பித் தரும் கடைக்கு இன்னொரு முறை போகாதீர்கள்.

ஏ.சி. அமைப்புகள்கூடத் திரைக்குள் போய்விட்ட புதிய கார்களுக்கு முதல் இரண்டு வழிகளும் ஏறக்குறைய அடைபட்டவை. ஸ்பீக்கர் வயரிலிருந்தே ஒலியை வாங்கிக்கொள்ளும் ஹை-லெவல் உள்ளீடு கொண்ட ஆம்பை அங்கே தேட வேண்டும். ப்ளூடூத் இல்லாத பழைய செட்டை வைத்துக்கொள்பவர்கள், சிகரெட் லைட்டரில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரைத் தவிர்த்து, ஆக்ஸ் துளையில் செருகும் ப்ளூடூத் ரிசீவரை வாங்கலாம். எஃப்.எம். வழியே 15 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி போகாது. நகரத்தில் பக்கத்து நிலையங்களும் குறுக்கிடும்.

அதே கடையில் சாலையைப் பதிவுசெய்யும் டாஷ்கேம் கேமராவும் வாங்குவதாக இருந்தால், லித்தியம் பேட்டரி உள்ளதைத் தள்ளிவிட்டு சூப்பர் கெபாசிட்டர் உள்ளதை எடுங்கள். மே மாத வெயிலில் நிறுத்திய காரின் முன்கண்ணாடி ஓரத்தில் லித்தியம் பேட்டரி உப்பிப் போகும். கெபாசிட்டர் அந்தச் சூட்டைத் தாங்கும்.

முப்பதாயிரத்தைப் பிரிக்கச் சொன்னால், கதவு டேம்பிங்கும் முன் காம்பொனென்ட்டும் முதலில், சிறிய ஆம்போ சீட்டடி சப்வூஃபரோ அடுத்து, மிஞ்சினால்தான் ரிசீவர் என்று பிரிப்பேன். வேலை முடிந்து கதவு உறையை மாட்டுவதற்கு முன், பக்கத்தில் நின்று கண்ணாடியை முழுவதுமாக இறக்கச் சொல்லுங்கள். புது ஸ்பீக்கரின் காந்தம் பழையதைவிட ஆழமானது. பாதி இறங்கும்வரை ஒன்றும் தெரியாது, அடிமட்டம் போகும்போதுதான் கண்ணாடி அதில் இடிக்கும்.