நிரல் எழுதும்போது, உள் ஃபங்ஷனிலிருந்து பாதியில் வெளியேற எந்த வழி நல்லது?

வாளையார் வழியாகத் திருச்சூருக்குப் போகும் லாரிகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு லாரிக்கும் பல இ-வே பில்கள் (சரக்கு எடுத்துச்செல்ல ஜிஎஸ்டியில் எடுக்கும் மின்சீட்டு). பொதுவாக 200 கி.மீ.க்கு ஒரு நாள் கணக்கில்தான் அவை செல்லுபடியாகும். லாரிகள்மேல் ஒரு ஃபங்ஷன் ஓடுகிறது, அதற்குள் பில்கள்மேல் இன்னொன்று. காலாவதியான முதல் பில் சிக்கியதும் இரண்டையும் நிறுத்தி அதன் எண்ணைத் தர வேண்டும்.

பட்டியலின் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்டுவது ஃபார்ஈச். ஜாவாஸ்கிரிப்ட்டின் ஃபார்ஈச்சுக்குள் ரிட்டர்ன் போட்டால் அந்த கால்பேக் (நாம் கொடுத்த ஃபங்ஷன்) மட்டும்தான் முடியும், சுற்று ஓடிக்கொண்டே இருக்கும். கோட்லினில் ஃபார்ஈச் இன்லைன் ஃபங்ஷன் (அதன் கோடு அழைத்த இடத்திலேயே பதியப்படும்) என்பதால் வெறும் ரிட்டர்ன், வெளியே இருக்கும் ஃபங்ஷனையே முடித்துவிடும். இன்லைன் அல்லாத இடத்தில் கம்பைலரே மறுத்துவிடும். அந்தக் கண்டிப்பு நல்லதுதான். மாட்டிக்கொள்வது லேபிளில், அதாவது எதிலிருந்து வெளியேறுகிறோம் என்று ரிட்டர்னோடு சேர்க்கும் பெயரில். உள்ளும் புறமும் ஃபார்ஈச்சாக இருந்தால், ஃபார்ஈச் என்ற லேபிளோடு போடும் ரிட்டர்ன் உள்சுற்றையே குறிக்கும். அடுத்த பில்லுக்குத் தாவுமே தவிர அடுத்த லாரிக்கு அல்ல. வெளி லாம்டாவுக்கு, அதாவது வெளிச்சுற்றுக்குக் கொடுக்கும் பெயரில்லாத ஃபங்ஷனுக்கு, தனி லேபிள் வைத்துவிட வேண்டும்.

ஸ்காலாவின் கதை வேறு. லாம்டாவுக்குள் எழுதிய ரிட்டர்ன் அங்கே உள்ளுக்குள் ஒரு எக்செப்ஷனாகத்தான் (பிழை வந்தால் வீசும் குறி) வீசப்பட்டது. நடுவில் வீசப்படும் எதையும் (த்ரோவபிள்) பிடிக்கும் கேட்ச் ஒன்று இருந்தால் வெளியேற்றம் சத்தமில்லாமல் அங்கேயே செத்துப்போகும். 3.2இல் இதைக் கைவிடச் சொல்லிவிட்டு, 3.3இல் எல்லையைக் குறிக்கும் பவுண்டரி, அங்கே வெளியேற்றும் பிரேக் என்ற ஜோடியைக் கொண்டுவந்தார்கள். எந்த எல்லைக்கு வெளியேறுகிறோம் என்பது இப்போது கண்ணில் படுகிறது. இரண்டும் ஒரே மெத்தடுக்குள் அடங்கினால் கம்பைலர் அதை நேரடித் தாவலாகவே மாற்றிவிடும். ஆனாலும் ஒரு பொறி பாக்கி. பிரேக் இருக்கும் லாம்டாவை வியூமேல் (கேட்டால்தான் கணக்கிடும் தொகுப்பு) மேப் செய்து அதை பவுண்டரிக்கு வெளியே கொடுத்தால், பிறகு யாரோ அதன் உறுப்புகளைக் கேட்கும்போதுதான் பிரேக் நடக்கும். அப்போது பிடிக்க ஆளிருக்காது.

மதிப்பாகவே திருப்பித் தரும் வழியில் இந்தத் தொல்லை கிடையாது. ஹாஸ்கெலில் ஈதர் வகையோடு (லெஃப்ட் என்றால் நிறுத்து, ரைட் என்றால் தொடர்) ட்ராவர்ஸ் செய்தால், அதாவது வரிசையாகச் சென்றால், முதல் லெஃப்டிலேயே எல்லா அடுக்கும் நின்றுவிடும். ரஸ்ட்டில் குளோஷருக்குள் (லாம்டாதான்) போடும் கேள்விக்குறி, அதாவது பிழை வந்தால் அதையே திருப்பும் ? குறி, அந்த குளோஷரை மட்டுமே முடிக்கும். ஆகவே அடுக்குக்கு ஒன்று போட வேண்டும். கண்டுபிடித்ததை எர்ர் (பிழை) என்று திருப்புவது உறுத்தினால், தொடர் அல்லது நிறுத்து என்று மட்டும் சொல்லும், 1.55இல் நிலைபெற்ற கண்ட்ரோல்ஃப்ளோ வகை இருக்கிறது. எலிக்சிரின் ரெட்யூஸ்_வைலில் (சேர்த்துக்கொண்டே போய் நடுவில் நிறுத்தும் சுற்று) அதிகம் சறுக்குவது இங்கே: உள்ளே ஹால்ட் (நிறுத்து) என்று சொன்னால் வெளிச்சுற்றுக்கு அந்தக் குறி வராது, அக்யுமுலேட்டர் (சேர்த்துவரும் மதிப்பு) மட்டும்தான் வரும். அதற்குள் ‘காலாவதி, பில் எண்’ என்று அடையாளம் வைத்து, வெளியே பார்த்து மறுபடி ஹால்ட் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்வது உத்தமம். லாரிகளை ஃப்ளாட்மேப் செய்து பில்களின் ஒரே வரிசையாக்கி ஃபைண்ட் போட்டால் இந்த வேலைக்கு வெளியேற்றமே தேவையில்லை. கோட்லினில் சீக்வென்ஸ், ஸ்காலாவில் இட்டரேட்டர் என்று, கேட்டால்தான் கணக்கிடும் வகையாக இருக்க வேண்டும்; சாதா லிஸ்டில் செய்தால் எல்லா பில்லையும் திரட்டிய பிறகே தேடல் தொடங்கும். பவுண்டரியும் லேபிளும் மூன்று அடுக்கு ஆழத்தில், நடுவே வேறு வேலைகளும் நடக்கும் இடத்துக்குப் போதும். வேறு த்ரெட்டில் (இணையாக ஓடும் தனி இழை) ஓடப்போகும் லாம்டாவாக இருந்தால் மதிப்பைத் திருப்புவது தவிர வேறெதையும் தொட வேண்டாம்.