ஸ்பீக்கர் அட்டைப்பெட்டியில் "20 – 20,000 ஹெர்ட்ஸ்" என்று இருந்தால் நம்பிப் பணத்தை எடுக்காதீர்கள்

போன மாசம் தஞ்சாவூரில் ஒரு கடையில் 18,500 ரூபாய் கொடுத்து ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் (அலமாரியில் வைக்கிற சின்ன ஸ்பீக்கர்) வாங்கி ஏமாந்தேன். டெல்டா பக்கம் வாங்க நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

அப்பா தவில்காரர். மன்னார்குடி, திருவாரூர் சுற்றுவட்டாரத்தில் 35 வருஷம் கோயில், கல்யாணம் என்று வாசித்தவர். இப்போது மணிக்கட்டு இடம் கொடுப்பதில்லை. அவர் வாசித்த பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறேன். அதை அவர் உட்கார்ந்து நிம்மதியாகக் கேட்க வேண்டும் என்றுதான் இந்தச் செலவு.

கடையில் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார்கள். நெஞ்சு அதிர்ந்தது. "20-லேர்ந்து 20,000 வரைக்கும் வரும் சார், மனுஷக் காதுக்கு அவ்வளவுதான் கேக்கும்" என்றார் விற்றவர். அட்டையிலும் அப்படியே இருந்தது. ஹெர்ட்ஸ் என்றால் ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு; எண் குறைந்தால் கனத்த சத்தம், கூடினால் கீச்சென்ற சத்தம்.

வீட்டில் மாட்டி அப்பா வாசித்த மல்லாரியை (சாமி புறப்பாட்டுக்கு நாயனமும் தவிலும் வாசிப்பது) போட்டேன். இரண்டு நிமிஷம் கேட்டார். "வலந்தலை மட்டுந்தான் கேக்குது. தொப்பி எங்கடா போச்சு?" என்றார். வலந்தலை என்பது தவிலில் விரலால் வாசிக்கும் வலப்பக்கம்; தொப்பி என்பது குச்சியால் அடிக்கும் இடப்பக்கம், கனத்த சத்தம் வருவது அங்கேதான். கொஞ்ச நேரம் கழித்து, "நாயனம் ஏன் இப்படிக் காதைக் கிழிக்குது? நரசிங்கம்பேட்டை ஆச்சா மரத்து நாயனம்டா அது." நாயனம் செய்வதற்கே பேர் போன ஊர் நரசிங்கம்பேட்டை.

அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். 20 முதல் 20,000 என்று மட்டும் போட்டால் அதற்கு அர்த்தமே இல்லை. எந்த ஸ்வரம் எவ்வளவு சத்தத்தில் வருகிறது என்பதுதான் விஷயம். ஒழுங்கான கம்பெனி பக்கத்திலேயே "± 3 டெசிபல்" (டெசிபல் என்பது சத்தத்தின் அளவு) என்று போடும். அந்த எல்லைக்குள் எந்தச் சத்தமும் 3 டெசிபலுக்கு மேல் ஏறவோ இறங்கவோ செய்யாது என்று பொருள். என் பெட்டியில் அது இல்லை.

என் ஸ்பீக்கரில் ஆடிச் சத்தம் எழுப்புகிற நாலு இஞ்ச் கூம்பு 20 ஹெர்ட்ஸைச் சத்தமாகத் தரவே முடியாது. சுருதி ஒரு ஸ்தாயி இறங்கினால், அதாவது ஹெர்ட்ஸ் பாதியானால், அதே சத்தத்துக்குக் கூம்பு நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போக வேண்டும். 80-ல் அரை மில்லிமீட்டர் ஆடினால் போதும் என்றால் 20-ல் 8 மில்லிமீட்டர் ஆட வேண்டும். அவ்வளவு சின்னக் கூம்பு எங்கே போய் ஆடும்?

போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் (நாம் சொல்லும் ஹெர்ட்ஸில் சத்தம் எழுப்புவது) இறக்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். 100 வரை சரி. 80-ல் இளைத்தது. 60-ல் வெறும் காற்றுச் சத்தம். தாழ்ந்த ஹெர்ட்ஸ் சத்தம் காதுக்கே குறைவாகத்தான் கேட்கும், அது உண்மை. ஆனால் என் பையனின் ஹெட்போனில் அதே 60 தெளிவாகக் கேட்டது. 3,000 பக்கம் போனதும் கூச்சல். நம் காது ரொம்பக் கூர்மையாக இருப்பது அந்த 2,000 – 5,000 பகுதியில்தான். அங்கே தூக்கி வைத்தால் கடையில் "ஆகா, எவ்வளவு தெளிவு" என்று தோன்றும். வீட்டில் அரைமணி நேரம் நாயனம் கேட்டால் தலைவலிக்கும்.

கடையில் மட்டும் எப்படி அதிர்ந்தது? ஸ்பீக்கர்களைச் சுவர் மூலையில் வைத்திருந்தார்கள். மூலை பேஸை, அதாவது கனத்த சத்தத்தை, தூக்கிக் கொடுக்கும். ஆம்ப்ளிஃபயரில் பேஸ், ட்ரெபிள் இரண்டையும் ஏற்றி வைத்திருந்ததையும் நான் கவனிக்கவில்லை. வீட்டிலும் மூலைக்குத் தள்ளிப் பார்த்தேன். குச்சி தொப்பியில் எங்கே விழுந்தாலும் ஒரே "தொம்"தான்.

மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுபோனேன். "நூறு மணி நேரம் ஓடட்டும் சார், தானா பழகிடும்" என்றார்கள். அப்புறம் "சீல் பிரிச்சாச்சு, எடுக்க மாட்டோம்." பில்லைக் கையில் வைத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.

கடைக்குப் போனால் உங்களுக்கு நன்றாகப் பழகிய கச்சேரியைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். டோன் குமிழ்களை நடுவில் வைக்கச் சொல்லுங்கள், ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லுங்கள். ± டெசிபல் எவ்வளவு என்று கேளுங்கள். முடிந்தால் வீட்டில் மிருதங்கமோ தவிலோ வாசிக்கிற பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். நான் அப்பாவை அழைத்துப் போயிருந்தால் கடையிலேயே சொல்லியிருப்பார்.

இப்போது அவர் பேரனின் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, இடது கையால் தொடையில் தட்டியபடி கேட்கிறார். புகாருக்குப் பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.