பில்ட்ரூட், யோக்டோ, பை-ஜென்: தப்பு எங்கே போய்த் தெரிகிறது?

நீலகிரியில், கேத்தியில் மாமாவின் கேரட் தோட்டம் பள்ளத்தின் அடியில் இருக்கிறது. இரவில் கனத்த குளிர்காற்று மேட்டிலிருந்து வழிந்து அங்கே தேங்கும். வீட்டு வாசலில் வெறும் நீர்ப்பனி இருக்கிற விடியலில்கூட அங்கே உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். வெயில் ஏறுமுன் ஸ்பிரிங்ளரைத் திறந்தால் செடி தப்பிக்கும். "பனி விழற அன்னிக்கு மட்டும் என்னை எழுப்பி விடற மாதிரி ஒண்ணு செஞ்சு குடு மாப்ள" என்றார்.

ராஸ்பெர்ரி பை ஜீரோ டபிள்யூ என்ற சின்னக் கணினி போர்டு ஒன்று, ஒரு டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார், ஒரு பஸ்ஸர். அவ்வளவுதான் சாமான். அதில் ஓடவேண்டிய லினக்ஸ் இமேஜை, அதாவது எஸ்டி கார்டில் அப்படியே எழுதும் முழு சிஸ்டத்தை, சொந்தமாகக் கட்டத்தான் பில்ட்ரூட், யோக்டோ, பை-ஜென் என்ற மூன்று கருவிகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். வசதிகளை வைத்து ஒப்பிட்டால் மூன்றும் நல்லவைதான். நான் பார்த்தது வேறு: தப்பு என் மேசையிலேயே தெரிகிறதா, போர்டு தொடங்கும்போதா, பள்ளத்தில் மாட்டிய பிறகா? இறங்கி ஏறுவது என் முட்டி அல்லவா.

பை-ஜென் சுலபம். போர்டின் அதிகாரபூர்வ சிஸ்டமான ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸையே இதில்தான் கட்டுகிறார்கள். கட்டங்கள் 0 முதல் 5 வரை. திரை இல்லாத பெட்டிக்கு 2 வரை போதும், மீதிக் கட்டங்களுக்குள் ஸ்கிப் என்ற வெற்றுக் கோப்பைப் போட்டால் தாண்டிவிடும். கோப்புறைப் பாதையில் இடைவெளி இருந்தால் கட்டுமானம் நின்றுவிடும், அதைக் கவனியுங்கள். அன்றைக்கே இமேஜ் வந்தது, போர்டும் எழுந்தது. மூன்றாவது வாரம் கரண்ட் போய் வந்தபின் எழவில்லை. எழுதக்கூடிய ரூட் (சிஸ்டத்தின் முதன்மைக் கோப்புப் பகுதி), ஓயாமல் லாக் (நடப்புக் குறிப்பு) எழுதும் டெபியன் (ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் அடிப்படை), இடையில் மின்வெட்டு என்றால் எஸ்டி கார்டு எத்தனை நாள் தாங்கும்? எழுதுவதையெல்லாம் ரேமுக்குத் திருப்பும் ஓவர்லே முறையை இயக்கி ரூட்டைக் காப்பாற்ற வழி உண்டு, நான்தான் செய்யவில்லை. இன்னொரு தொல்லை: இன்று கட்டினால் இன்றைய பேக்கேஜ்கள், அடுத்த மாதம் கட்டினால் அடுத்த மாதத்தவை. பழைய தப்பை அப்படியே திரும்ப வரவழைத்துப் பார்ப்பது கஷ்டம்.

யோக்டோ இதற்கு நேர் எதிர். தப்பை மேசையிலேயே முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும். லேயர் (கூடுதல் கட்டுமானக் குறிப்புகளின் தொகுப்பு) ஒன்று கிர்க்ஸ்டோன் என்ற பதிப்புக்கு எழுதியது, அடிப்படை அதற்குப் பின் வந்த ஸ்கார்த்கேப் என்றால், பொருந்தாது என்று தொடக்கத்திலேயே நின்றுகொள்ளும். எந்த ரெசிபி (ஒரு பேக்கேஜைக் கட்டும் குறிப்பு), எந்தப் பணி, லாக் எங்கே என்று முழுப் பாதையையும் தரும். பாதியில் கரண்ட் போனாலும், முடித்த வேலையைச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொண்டு தொடரும். ஆனால் அதன் கையேடு இப்போது கேட்கும் காலி இடம் 140 ஜிபி, ரேம் 32 ஜிபி. என் லேப்டாப்பில் ரேம் 8 ஜிபி. முடிந்த வேலைக் கோப்புகளை அழிக்கும் ஆர்எம்-வொர்க்கைச் சேர்த்தும், ஒரே நேரத்தில் ஓடும் பணிகளை இரண்டாகக் குறைத்தும், ரேம் போதாமல் கம்பைலரை கர்னல் (லினக்ஸின் மையம்) கொன்றுகொண்டே இருந்தது. ஒரு பஸ்ஸருக்காக இவ்வளவா என்று மூடிவைத்தேன்.

பில்ட்ரூட்டில் கட்டுவது லேசு, தொல்லை போர்டில்தான். எல்லாம் சரி என்று எஸ்டி கார்டு இமேஜைக் கையில் கொடுத்துவிடும், போர்டு பேசாது. அதனால் பச்சை விளக்கை எண்ணப் பழகுங்கள். நாலு முறை சிமிட்டினால் ஸ்டார்ட்.எல்ஃப் என்ற தொடக்கக் கோப்பு இல்லை, ஏழு முறை என்றால் கர்னல் கோப்பு இல்லை. அதையும் தாண்டிவிட்டால் யூஎஸ்பி-சீரியல் ஒயரை 14, 15 ஜிபிஐஓ கால்களில் மாட்டி 115200 வேகத்தில் பாருங்கள். எனக்கு வந்தது ரூட்டை மவுன்ட் செய்ய முடியாது என்ற கர்னல் பேனிக், அதாவது கர்னலே நின்றுபோகும் பிழை. அந்த வரியின் கடைசியில் அடைப்புக்குள் இருக்கும் இரண்டு எண்கள்தான் முக்கியம். 0,0 என்றால் கார்டே இன்னும் கண்ணில் படவில்லை. 179,2 என்றால் கார்டு தெரிகிறது, இரண்டாம் பகுதியில் உள்ள ஃபைல் சிஸ்டத்தில் கோளாறு. எனக்கு 0,0. கர்னலுக்குக் கட்டளை தரும் சிஎம்டிலைன் கோப்பைச் சொந்தமாக எழுதியபோது, கார்டு தயாராகும்வரை காத்திரு என்று சொல்லும் ரூட்வெயிட் என்ற ஒற்றைச் சொல்லை விட்டிருந்தேன்!

அப்புறம் சென்சார். சென்சார் தெரிந்தால் தோன்றும், 28 என்று தொடங்கும் கோப்புறை வரவே இல்லை. கான்ஃபிக் கோப்பில் சென்சார் பேசும் ஒன்-ஒயர் இணைப்புக்கான வரி இருந்தது, 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் இருந்தது. சாதனக் கோப்புகளைக் கர்னலே உண்டாக்கும் வெறும் டெவ்டிஎம்பிஎஃப்எஸ் முறை என்றால் கர்னல் மாட்யூல்கள் (டிரைவர்கள்) தானாக ஏறாது. பில்ட்ரூட்டின் தேர்வு மெனுவில், அவற்றை ஏற்றும் எம்டெவ்வைச் சேர்த்ததும் வந்தது. மெனுவில் ஒரு பேக்கேஜை நீக்கினால் அதன் கோப்புகள் இமேஜிலிருந்து போகாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சந்தேகம் வந்தால், கட்டியதை அழித்து முதலிலிருந்து கட்டவைக்கும் மேக் கிளீன்தான், வேறு வழியில்லை. இமேஜில் இடம் போதவில்லை என்றால் மட்டும் கட்டும்போதே எந்த அளவைக் கூட்டவேண்டும் என்று அதுவே சொல்கிறது.

இப்போது பள்ளத்தில் இருப்பது பில்ட்ரூட்தான். ரூட்டை எழுதும் நிலைக்கு மாற்றும் தேர்வை மெனுவில் நீக்கிவிட்டேன். லாக் எல்லாம் ரேமோடு சரி. கோத்தகிரி நண்பர் ஒருவர் மூன்று வகை போர்டுகளில் இதையே செய்யக் கேட்டபோது, யோக்டோவைத்தான் சொன்னேன், முதலில் நல்ல டெஸ்க்டாப் ஒன்றை வாங்கிக்கொள்ளச் சொல்லி. மாமா ஓர் உபரி கார்டை வெற்றிலைப் பெட்டியில் வைத்திருக்கிறார்.